பளபளத்த போல்ட்

ஒரு பைக்கை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்க்க முடியுமா? முடியும் என்கிறார் எங்கள் மேடம் சித்ரகலா. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனில் பதினேழு வருஷம் நின்றவர். பனியனைத் திருப்பிப் போட்டு, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலையாக இருந்தது. இப்போது துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். வேலை மாறிவிட்டது, ஸ்டிக்கர் மாறவில்லை.

நான் முனீஸ். அருப்புக்கோட்டைக்காரன், மேடத்தின் அசிஸ்டென்ட். வண்டி ஓட்டுவது, டீ வாங்குவது, வாய் பேசுவது என்று எனக்கு மூன்று வேலை. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது. அதை அளவோடு செய்திருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி முடிந்திருக்கும். அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன்.

காலை பத்து மணி. பொங்கலூரைத் தாண்டி ஒரு லைன் வீட்டு வாசல். தார்ப்பாயை விலக்கியதும் அந்த பைக் வெளியே வந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய நூற்றைம்பது சிசி வண்டி. ஹேண்டில் கோணியிருந்தது. ஒரு பக்க இண்டிகேட்டர் இல்லை. பின்பக்கம் மட்டும் மாப்பிள்ளைக் களையோடு கட்டையாக, பளிச்சென்று கடையில் தனியாக வாங்கி மாட்டிய ஒரு சைலன்சர்.

நாற்பத்து நாலு நாளைக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பல்லடம் ரோட்டில் இந்த வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகிப்போய்ச் சக்கரம் பூட்டிக்கொண்டது. ஓட்டி வந்த சரவணக்குமார் கீழே விழுந்தான். பின்னால் லாரி. இருபத்து நாலு வயசு.

"அதிவேகம், கவனக்குறைவு" என்று எழுதி போலீஸ் ஃபைலை மூடிவிட்டது. "படபடன்னு சத்தம் போட்டுப் படம் காட்டினவன், போய்ச் சேந்துட்டான்" என்று பேசிய ஊர் வாயை மூடவில்லை. அவனைப் பெற்ற கருப்பாத்தாள் மட்டும்தான் எங்கள் ஆபீஸ் படி ஏறி வந்தார். முப்பது வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறவர். அழாமல் ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"எம்பட பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க அம்மிணி. அவனுக்கு ஆசை காட்டி இந்தச் சைலன்சர் சனியனை மாட்டி உட்டவன் ஒருத்தன் இருப்பானுங்க. அவன் பேரு மட்டும் எனக்கு வேணும். அவன் வாசல்ல போயி நின்னு மண்ணை வாரித் தூத்தோணும். அப்பறம் நான் எப்படிப் போனாலும் சரிங்க."

அந்தப் பேரைத் தேடித்தான் வந்திருந்தோம்.

கருப்பாத்தாள் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராமாயி. அதே தறி ஷெட்டில் வேலை செய்பவர், அடுத்த வீட்டுக்காரர். உள்ளே யாரும் பார்க்காத டிவி தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறிக்கொண்டிருந்தது.

"டிவி பல்லடம் வரைக்கும் சேத்து ஓடுது போலயே" என்றேன் நான்.

ராமாயி எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தார். 

மேடம் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். பக்கத்தில் நான் எட்டிப் பார்த்தேன்.

"என்ன கலர்ல இருக்குது முனீசு?"

"சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்கு மேடம்."

"நல்ல வண்டியில காப்பித்தூள் கலர்ல இருக்கோணும். பெட்ரோல் கம்மியாவும் காத்து ஜாஸ்தியாவும் போயிருக்குது. அப்படி ஓடினா இன்ஜின் கொதிக்கும்." முதல் ஸ்டிக்கர் ஒட்டினார். "முன்குழாயப் பாரு. மயில் கழுத்துக் கலர். அவ்வளவு சூடு." இரண்டாவது ஸ்டிக்கர்.

"கம்பெனியில குடுத்த சைலன்சரைக் கழட்டிட்டு இந்தக் கட்டைச் சைலன்சரை மாட்டினா இப்படித்தான் ஆகுமா?"

"புகை சுளுவா வெளிய போகும், காத்தும் சுளுவா உள்ள வரும். அதுக்குத் தக்கன கார்புரேட்டர்ல பெரிய ஜெட்டு மாத்தி, பெட்ரோலைக் கூட்டோணும். கூட்டலைன்னா இதுதான் கதி. ரெண்டு மெக்கானிக்குகிட்டக் கேட்டு எழுதிட்டு வந்திருக்கேன்."

பக்கவாட்டு டூல் பெட்டியைத் திறந்தார். பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் அரை முழத்துக்கு ஒரு சின்னக் குழாய், ஒரு அல்லன் போல்ட், அதைத் திருகுகிற வளைந்த சாவி.

"இது டிபி கில்லருங்க மேடம். சைலன்சர் வாயில செருகிட்டா சத்தம் அமுங்கிடும். வேணும்னா கழட்டிக்கலாம். இந்த ஒத்தப் போல்ட்டுதான் பிடிமானம்."

மேடம் அந்தப் போல்ட்டை வெயிலில் பிடித்தார். வண்டியில் இருந்த மற்ற போல்ட் எல்லாம் துருப்பிடித்துக் கிடக்க, இது மட்டும் வெள்ளிக் கொலுசு மாதிரி பளபளத்தது. தலை தேய்ந்து உருண்டையாகிவிட்டது. மரை மொத்தமும் மழுங்கியிருந்தது.

"ஒரு தடவை மாட்டி, ஒரு தடவை கழட்டினா இப்படித் தேயாது" என்றார் மேடம். "தினமும் மாட்டித் தினமும் கழட்டியிருக்கான். எதுக்கு?" மூன்றாவது ஸ்டிக்கர் போல்ட்டில் நிற்கவில்லை. என் சட்டைப் பையில் ஒட்டினார்.

நான் திரும்பி, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றேன். கருப்பாத்தாள் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தடவையும் கேட்டேன். ராமாயி அவர் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார். மகனைத் தூக்கிக் கொடுத்தவர், வேறு உலகத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சொம்போடு வந்தவரிடம் மேடம் கேட்டார்: "வண்டி எந்நேரமும் இப்படித்தான் சத்தம் போடுங்களாக்கா?"

"சத்தம் போட்டா என்னங்க அம்மிணி? அது எம்பட பையன் வண்டி." முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு பெருமை வந்தது. "அவுங்கய்யன் போயி பதினோரு வருசமாச்சுங்க. அன்னியிலிருந்து ஒரு நாளும் எம்பட பையன் கதவத் தட்டினதில்ல. சைக்கிள்ல வந்தப்பவும் சரி, வண்டியில வந்தப்பவும் சரி, முக்குல திரும்பினா எனக்குக் கேட்டுரும். அவன் வந்து நிக்கறதுக்குள்ள கதவத் தொறந்திருப்பேன். நூறு வண்டி வந்தாலும் எம்பட பையன் வண்டி எனக்குத் தெரியுமுங்க. தறிக்காரிக்குக் காது மந்தம்பாங்க. எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இந்தப் போன்தான் எழவு, யாரு பேசினாலும் வெளங்கறதில்ல. டவர் சரியில்லைங்க."

ராமாயி தலையைக் குனிந்துகொண்டார்.

தெருவுக்கு வந்ததும் மேடம் என் போனை வாங்கி, சரவணக்குமார் வேலை செய்த பிரிண்டிங் யூனிட்டின் சூப்பர்வைசருக்குப் போட்டார். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"சரவணன் வண்டியாங்க? சத்தமா? யாருங்க சொன்னது? அவன் கேட்டுக்குள்ள வந்தா செக்யூரிட்டிக்கே தெரியாதுங்க. பூனை மாதிரி வருவான். கடைசி ரெண்டு நாள் மட்டும் என்னமோ சத்தமா வந்தான். அவன் வண்டியால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க."

போனை வைத்தார். என்னைப் பார்த்தார்.

"வீட்டுத் தெருவுல ரவுடி, வேலை செய்யற இடத்துல பூனை. ஊரே பாக்கற பல்லடம் ரோட்டுல சத்தத்தை அமுக்கிட்டு, நாப்பது வீடு இருக்கிற சந்துல வந்து தொறந்து உடறவன் யாருக்குப் படம் காட்டறான்?"

"இதுல என்ன மேடம் சந்தேகம்? லவ்வு. அந்த நாப்பது வீட்டுல ஒரு வீட்டுல ஒரு பொண்ணு. நம்ம கேஸு முடிஞ்சது. பொண்ணு பேரைக் கண்டுபிடிச்சாப் போதும்."

"முடிஞ்சுதுன்னு நீ சொன்னாத்தான் எனக்குப் பயமா இருக்குது. கழட்டறதுக்கு ஒரு எடம் வேணுமல்ல? சூடான குழாய். ரெண்டு மூணு நிமிசம் உக்காரோணும். எங்க நிறுத்தியிருப்பான்?"

மெயின் ரோட்டிலிருந்து அந்தத் தெருவுக்குத் திரும்புகிற முக்கில் ஒரு பேக்கரி. கல்லாவில் இருந்தவர் பேச ஆரம்பித்ததும் எனக்குக் காது குளிர்ந்தது. நம்ம பக்கத்துப் பேச்சு.

"அண்ணாச்சிக்கு எந்தப் பக்கம்?"

"முதுகுளத்தூர். பேரு ராக்கையா. நீங்க?"

"அருப்புக்கோட்டை."

"அப்பச் சரி, ரெண்டு டீ போடு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். சரவணக்குமார் பேரைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"நல்ல பயலுங்க அவன். ஊர்ல ஆயிரம் பேசுவாங்க. தெனம் சாயங்காலம் ஏழு மணிக்கு இந்தப் புங்கமரத்தடியில வண்டிய நிப்பாட்டுவான். துணியச் சுத்திக்கிட்டு, சாவியப் போட்டு, அந்தச் சின்னக் குழாயை உருவுவான். வெரலெல்லாம் வெந்து போயிருக்கும். அப்புறம் மெதுவா, மெதுவாத்தான் போவான், சத்தத்தோட வீட்டுக்கு. காலையில டூட்டிக்குப் போகும்போது இங்கனயே வந்து திரும்ப மாட்டுவான். ஒரு வருசமா ஒரு நாள் தவறல."

"எதுக்குன்னு கேட்டீங்களா?" என்றார் மேடம்.

"கேட்காம இருப்பேனா? 'ஏலே, எந்தப் பொண்ணுக்குடா இந்தக் கூத்து?'ன்னு கேட்டேன். சிரிச்சான். 'ஒரே ஒரு பொண்ணுதாண்ணே. கதவத் தொறக்கணும், அவ்வளவுதான்'னான்."

நான் மேடத்தை ஜெயித்த பார்வை பார்த்தேன். மேடம் பார்க்கவில்லை. டீ கிளாஸ் அவர் கையில் அப்படியே நின்றது.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"அந்த வாரம் புதன்கிழமை காலையில போல்ட்டு ஏறல. சுத்துனாச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. எங்கிட்டக் கட்டுக்கம்பி வாங்கிக் கட்டிப் பாத்தான், நிக்கல. 'டூட்டிக்கு நேரமாச்சுண்ணே, ஞாயித்துக்கிழமை மெக்கானிக் பொங்கியண்ணன்கிட்டக் காட்டிக்கிறேன்'னு குழாயப் பெட்டிக்குள்ள போட்டுட்டுத் தொறந்த சத்தத்தோடவே போனான். வியாழனும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை..." ராக்கையா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்தச் சத்தம் ரோட்டுல தேஞ்சு மறையற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

பொங்கியண்ணன். கருப்பாத்தாள் கேட்ட பேர் கிடைத்துவிட்டது.

ஒர்க்‌ஷாப் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. ஐம்பது வயசு மனிதர், கையெல்லாம் கிரீஸ். நாங்கள் யாரென்று சொன்னதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். ஓடப்போகிறார் என்று நான் வாசலை மறித்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நாந்தானுங்க மாட்டினேன். எப்ப வருவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன்."

"ஜெட்டு மாத்தாம மாட்டினீங்களா?" மேடத்தின் குரல் ஊசியாக இருந்தது.

"மாத்தினேனுங்க. அந்த உள்குழாய் இருக்கறப்ப எவ்வளவு பெட்ரோல் வேணுமோ அதுக்குத்தான் ஜெட்டு வெச்சேன். ஏன்னா முக்குல இருந்து ஊடு வரைக்கும் இருநூறு மீட்டர்தானே தொறந்து ஓட்டுவேன்னான். அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா மூணு நாள் பல்லடம் ரோட்டுல தொறந்துட்டே மெரட்டி ஓட்டினா இன்ஜின் தாங்குமுங்களா? தெனம் ரெண்டு தடவை கழட்டினா மரை போயிரும்டான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். புதன்கிழமை போன் பண்ணினான். பெரிய ஜெட்டும் புதுப் போல்ட்டும் வாங்கி வெச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்னான்."

அலமாரியில் இரண்டு சின்னப் பாக்கெட் பிரிக்காமல் இருந்தன. ஒன்றின் மேல் 'சரவணா' என்று பேனாவில் எழுதியிருந்தது.

"அந்தப் பொண்ணு யாருண்ணே?" என்றேன் நான்.

"எந்தப் பொண்ணுங்க?"

"சத்தம் கேட்டுக் கதவத் திறக்குற பொண்ணு."

பொங்கியண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொண்ணா? அது கருப்பாத்தாக்காளுங்க. அவனோட அம்மா."

வாயில் வந்த ஜோக்கை விழுங்கிக்கொண்டேன்.

"போன வருசம் ஆடி மாசமுங்க. ஒரு நாள் இவன் வந்து நிக்கறான், கதவு தொறக்கல. தட்டறான். தொறக்கல. சன்னல் வழியாப் பாத்தா அந்தக்கா கதவுக்குப் பக்கத்துலயே உக்காந்து, எப்ப வருவான்னு காத்துட்டிருக்குது. கேக்கலீங்க. தறிச் சத்தத்துல முப்பது வருசம் நின்ன காது. அன்னிக்கு அந்தக்கா அழுத அழுகை இருக்குதே... 'எம்பட பையன் வந்தது எனக்குத் தெரியலியே'ன்னு ரெண்டு நாள் சோறு திங்கல. காது டாக்டர்கிட்டக் கூப்பிட்டான், வரலை. மெசின் வாங்கித் தர்றேன்னான், வேண்டாம்னுருச்சு. 'எங்காது நல்லாத்தான் இருக்குது, அன்னிக்கு அசந்துட்டேன்'னு சாதிச்சுது. இவன் எங்கிட்ட வந்தான். 'அண்ணா, அம்மா நம்பற மாதிரியே இருக்கட்டும். அவுங்க காதை என்னால மாத்த முடியல, வண்டிய மாத்திக் குடுங்க. தெருவுல இருக்கறவங்க திட்டினாத் திட்டட்டும். ரோட்டுல போறவங்களுக்குத் தொந்தரவு வேண்டாம், அதுக்கு உள்குழாய் வெச்சுக்கறேன்'னான். நான் என்னன்னுங்க மறுக்கறது?"

 மேடம் ஸ்டிக்கர் ரோலை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"அந்தக்கா என்ன கேட்டுச்சுங்க?" என்றார் பொங்கியண்ணன்.

மேடம் சொன்னார். பேரையும், வாசலையும், மண்ணையும்.

அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். "எம் பேரையே சொல்லிருங்க. இங்க வந்து தூத்தட்டும். எனக்கு ரெண்டு பொண்ணுக இருக்குதுக, சாபம்னா பயந்தானுங்க. ஆனா அந்தக்காளுக்கு உண்மை தெரியறதுக்கு இது தேவலைங்க."

திரும்பி வரும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். பின்னால் மேடம்.

"சொல்லிருவோம் மேடம். அவரே சரிங்கிறாரு."

"தப்பு பண்ணாத மனுசனை எப்படி முனீசு ரிஜெக்ட் பண்றது? பதினேழு வருசத்துல நல்ல பீஸ் மேல நான் ஸ்டிக்கர் ஒட்டினதில்ல."

"இது பனியன் இல்ல மேடம். உண்மையச் சொன்னா அந்தம்மா என்னத்துக்கு ஆகும்? 'உன் காதுக்காகத்தான் உன் மகன் செத்தான்'னு சொல்லுவீங்களா? உங்களுக்கு வாய் வருமா?"

 கண்ணாடியில் பார்த்தேன். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். காற்று தூசி என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வாசலில் கருப்பாத்தாளும் ராமாயியும் அதே இடத்தில் இருந்தார்கள். மேடம் போய்ப் படிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வாசலுக்கு இந்தப் பக்கம், பைக்குக்குப் பக்கத்தில் நின்றேன். நடுவில் முப்பதடி இருக்கும்.

"பேரு கெடச்சுதுங்களா அம்மிணி?"

"கெடச்சுதுங்க்கா."

"யாருங்க?"

மேடம் வாயைத் திறந்தார். மூடினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. இந்த மனுஷி பொய் சொல்ல மாட்டார். உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார். நான் கத்தினால் ராமாயிக்குக் கேட்கும். அதனால் குரலே எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்து, கையை ஆட்டி ஆட்டி, மேடத்துக்குச் சொன்னேன்:

'மெக்கானிக் பேரையே சொல்லுங்க. இந்தம்மாவுக்காகத்தான் மாட்டினான்னு சொல்லிராதீங்க. காது கேக்கலைன்னு தெரிஞ்சா இந்தம்மா செத்துரும்.'

ஒரு மூச்சுச் சத்தம்கூட வெளியே வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

கருப்பாத்தாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குக் காது கேக்கல கண்ணு?"

 அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். ஏதாவது கதை விட்டிருக்கலாம். தினம் நூறு பொய் சொல்கிற வாய், அன்றைக்குப் பார்த்து உண்மை பேசியது.

"நான் சத்தமே போடலியேம்மா!"

"இப்பப் பேசினீங்களே கண்ணு. நல்லாக் கேட்டுதே. இந்தம்மாவுக்காகத்தான் மாட்டினான்னு..."

ராமாயி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "தறிக்காரிக முன்னால வாயசைப்பீங்களா தம்பி? நூறு தறி ஓடற ஷெட்டுல நாங்க வேற எப்படிப் பேசிக்கறோம்னு நெனச்சீங்க? அந்தக் கோடியில நின்னு வாயசைச்சா இந்தக் கோடியில தெரியுமுங்க. பாத்துப் பாத்து, பாக்கறதா கேக்கறதான்னே எங்களுக்குத் தெரியாமப் போயிருச்சு. நானாவது ஒத்துக்கிட்டேன். இவ ஒத்துக்கல."

கருப்பாத்தாள் ராமாயியின் உதட்டையே பார்த்தார். பிறகு மேடத்தின் உதட்டை. பிறகு தன் கையை எடுத்துக் காதின் மேல் வைத்து, எடுத்து, திரும்ப வைத்தார். டிவி, போன், டவர் எல்லாம் அந்த முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதை நான் நின்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் தேவலை.

"அப்ப எம்பட பையன் எனக்குக் கேக்கோணும்னுதான்..." என்றார்.

மேடத்தால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மரத்தடி, வெந்த விரல், ஒரு வருஷம் ஒரு நாளும் தவறாதது, புதன்கிழமை போல்ட், பொங்கியண்ணன், எல்லாவற்றையும் முகத்துக்கு நேராக, மெதுவாகச் சொன்னார். ஒரு கேள்வி கேட்கவில்லை கருப்பாத்தாள். சொல்லி முடிக்கிற வரை மேடத்தின் வாயைப் பார்த்திருந்தார்.

"பொங்கியண்ணன் மேல ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்க்கா."

"அவனுக்கு ரெண்டு புள்ளைக. நல்லா இருக்கட்டும்."

நான் போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.  அழுதேன். அசிஸ்டென்ட் அழக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவர் என் தலையில் கை வைத்தார். 

"அம்மிணி, எனக்கு ஒரு ஒதவி பண்ணுவீங்களா?"

"சொல்லுங்க்கா."

"வாயைக் கையில மூடிட்டு எங்கிட்ட ஏதாச்சும் பேசுங்க. ஒரு தடவை எனக்குத் தெரியோணும்."

"வேண்டாங்க்கா."

"பேசுங்க. பெத்தவ கேக்கறேன்."

மேடம் நாற்காலியை இழுத்து, முழங்கால் தொடுகிற தூரத்தில் போட்டுக்கொண்டார். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தார். ராமாயி உள்ளே போய் டிவியை நிறுத்திவிட்டு வந்தார். தெருவில் ஒரு வண்டி இல்லை.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க்கா" என்றார் மேடம்.

கருப்பாத்தாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க்கா." இந்தத் தடவை சத்தமாக. எதிர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

மூன்றாவது தடவை மேடம் கத்தியே விட்டார். குரல் உடைந்து பாதியில் அழுகையாகிப் போனது. கையை மட்டும் எடுக்கவில்லை.

கருப்பாத்தாள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

"நான் காத்துட்டிருக்கறேனுங்க அம்மிணி. எப்பப் பேசுவீங்க?"